தாழ்ப்பாள் தானாக விழாது

கேள்வி: என் முதல் நாவலை எழுதி முடித்திருக்கிறேன். 62,000 சொற்கள், 40 அத்தியாயங்கள். வேலூரில் 2024 டிசம்பரில் நடக்கும் கதை. சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் லாட்ஜ் நடத்தும் பாஸ்கர், ஒருநாள் விடியற்காலையில் மொட்டை மாடியில் இறந்து கிடக்கிறார். கதையைச் சொல்பவள் அவர் மனைவி சுமதி. பத்து மணிக்கே மாத்திரை போட்டுத் தூங்கிவிட்டதாகச் சொல்லிக்கொண்டே வருகிறாள். இரவுச் சண்டையில் அவளும் மாடிக்குப் போனது, தண்ணீர் டேங்க் ஏணியிலிருந்து அவர் விழுந்தது, அவள் மாடிக் கதவைத் தாழ் போட்டுவிட்டு இறங்கி வந்தது எல்லாம் 38-ஆம் அத்தியாயத்தில்தான் வெளிப்படும். அவளுக்குள் இன்னொருத்தி இருக்கிறாள், அவள்தான் செய்தாள் என்று முடித்திருக்கிறேன். இரண்டு பேரிடம் படிக்கக் கொடுத்தேன். ஒருவர் ‘ஏமாத்திட்டீங்க’ என்று கோபித்துக்கொண்டார். இன்னொருவர் ‘பத்தாவது அத்தியாயத்துலயே தெரிஞ்சிடுச்சே’ என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? 1, 7, 38-ஆம் அத்தியாயங்களையும் கதைச் சுருக்கத்தையும் இணைத்திருக்கிறேன்.
— பெயர் வேண்டாம், காட்பாடி

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரி. கோளாறு ஒன்றுதான், அது இரண்டு பேரையும் வெவ்வேறு இடத்தில் இடித்திருக்கிறது.

ஏழாம் அத்தியாயத்தில் சுமதி தனியாக உட்கார்ந்து யோசிக்கும்போது, ‘அன்றிரவு நான் மாடிப்படியில் கால் வைக்கவே இல்லை’ என்று ஒரு வரி வருகிறது. பக்கத்தில் போலீஸ் இல்லை, மாமியார் இல்லை. அவள் மனசுக்குள் இருப்பது வாசகர் மட்டும்தான். நடந்ததற்கு நேர் எதிரான ஒன்றை அங்கே சொல்லிவிட்டால், பிறகு எத்தனை தடயம் வைத்தாலும் வாசகர் அதைச் சேர்த்துப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. முதலாமவர் கோபம் அதனால்தான். அடுத்தவர் பிடித்தது வேறொன்றை. அனுப்பிய முதல் இரண்டு அத்தியாயங்களில் மட்டும் ‘தூங்கிவிட்டேன்’ ஒன்பது தடவை வருகிறது. தூங்கினவர் தூங்கினேன் என்று ஒரு தடவைதான் சொல்வார். கேட்காமலே ஒன்பது தடவை சொன்னால் யாருக்கும் சந்தேகம் வரும்.

இந்த வகைக்கு ‘நம்பகமற்ற கதைசொல்லி’ என்று 1961-இல் பெயர் வைத்தவர் வேய்ன் பூத் என்ற அமெரிக்கத் திறனாய்வாளர். சமாச்சாரம் நமக்குப் புதிதில்லை. நம் அகப்பாடல்களில் புலவர் தன் குரலில் ஒன்றும் சொல்வதில்லை. எல்லாம் தலைவன் கூற்று, தலைவி கூற்று, தோழி கூற்று, பரத்தை கூற்று என்று பாத்திரங்களின் பேச்சுதான். குறுந்தொகை 25-இல் கபிலரின் தலைவிக்கும் இதே சிக்கல்: அவன் தன்னைச் சேர்ந்த அன்று பக்கத்தில் யாருமில்லை, அவன் ‘அப்படி ஒன்றும் நடக்கவில்லை’ என்று பொய் சொல்லிவிட்டால் அவள் கதி என்ன? இருந்தது ஒரு குருகு, நீர்ப்பறவை. அதுவும் ஓடும் தண்ணீரில் ஆரல் மீனுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. சாட்சி நின்ற இடம் சரி, பார்வைதான் வேறு பக்கம். உங்கள் நாவலில் தடயம் வைக்க இதைவிட நல்ல முறை கிடையாது. இதற்கு மறுபடி வருகிறேன்.

முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள். சுமதி இதையெல்லாம் யாரிடம் சொல்கிறாள்? உங்கள் பிரதியில் அதற்கு விடை இல்லை, காற்றோடு பேசுகிறாள். காற்றிடம் பொய் சொல்ல யாருக்கும் தேவையில்லை. கேட்க ஒரு ஆள் வந்து உட்கார்ந்தால்தான் மறைக்கக் காரணம் வரும். சுருக்கத்தில் பாஸ்கரின் தங்கை கவிதா, ஆரணியில் இருப்பவள், இரண்டே இடத்தில் வந்து போகிறாள். அவளைத் தூக்கி முன்னால் வையுங்கள். காரியம் முடிந்த பிறகு அவள் வேலூர் வந்து தங்குகிறாள், ‘அன்னிக்கு என்ன அண்ணி நடந்துச்சு’ என்கிறாள், சுமதி சொல்லத் தொடங்குகிறாள். நாவல் முழுக்க அந்தப் பேச்சு. ஆனால் கவிதாதான் கேட்கிறாள் என்பதை முதல் இருநூறு பக்கம் சொல்லாதீர்கள். ‘எங்க லாட்ஜ்’ என்று பேசிக்கொண்டே வருபவள், ஓரிடத்தில் ‘நம்ம மாடி’ என்று விட்டுவிடட்டும். ‘எங்கள்’ கேட்பவரை வெளியே நிறுத்தும், ‘நம்’ உள்ளே இழுத்துக்கொள்ளும். கேட்கிற ஆள் அந்த வீட்டுப் பெண் என்பது காதுள்ள வாசகருக்கு அங்கேயே உறைத்துவிடும். பேச்சில் நாம் ‘நம்ம’ என்பதை மூன்றாம் ஆளிடமும் சொல்லிவிடுவது உண்டு; ஆகவே இந்த ஒன்றை மட்டும் நம்பிப் பெரிய கட்டடம் எழுப்ப வேண்டாம்.

இப்போது மாடிக் காட்சி. சுமதி சொல்லும் ஒவ்வொரு வரியும் உண்மையாக இருக்கட்டும், வரிக்கும் வரிக்கும் நடுவே ஒன்று விழுந்துபோகட்டும். 38-ஆம் அத்தியாயத்தில் நீங்கள் எழுதியிருப்பது இது: ‘கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளைப் போட்டேன். இறங்கினேன்.’ அதே கணத்தை அவள் ஏழாம் அத்தியாயத்தில் எந்த இரவு என்று குறிப்பிடாமல், லாட்ஜ் மாடியைப் பற்றிய பொதுப் பேச்சுக்கு நடுவே இப்படிச் சொல்லலாம்:

‘மார்கழிக் காற்று அப்படித்தான். ஒருநாள் துணி எடுக்கப் போய் நின்றேன், கதவு பட்டென்று சாத்திக்கொண்டது. நான் கீழே வந்துவிட்டேன்.’

38-ஐ மட்டும் இதற்கேற்பத் திருத்திவிட்டால், மூன்று வரியிலும் பொய் கிடையாது. துணி எடுக்கத்தான் போனாள், அங்கேதான் சண்டை தொடங்கியது. கதவைச் சாத்தியது காற்றுதான். அவள் கீழே வந்ததும் நிஜம். சாத்திக்கொண்ட கதவுக்கும் கீழே வந்த காலுக்கும் நடுவே ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது, அது தானாக விழாது. தமிழில் ‘கொள்’ என்ற துணைவினை இந்த வேலைக்கென்றே பிறந்ததுபோல இருக்கும்: சாத்திக்கொண்டது, மாட்டிக்கொண்டது, கவிழ்ந்துகொண்டது. செய்த கையை வாக்கியத்திலிருந்து எடுத்துவிடும். ‘போ’வும் அப்படி. குழந்தை ‘டம்ளர் உடஞ்சுபோச்சு’ என்றுதான் வந்து நிற்கும், ‘உடைத்தேன்’ என்று வராது. சுமதி குற்றமில்லாத விஷயங்களையெல்லாம் ‘செய்தேன், எடுத்தேன், கொடுத்தேன்’ என்று சொல்லட்டும். அந்த இரவை ஒட்டிய வினைகள் மட்டும் ‘ஆயிற்று, போயிற்று, கொண்டது’ என்று மாறட்டும். இரண்டாம் முறை படிப்பவர் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போவார்.

இன்னொரு கருவி ‘ஆம்’. ‘தண்ணி இருக்கான்னு பார்க்க ஏணியில ஏறினாராம்’ என்று சுமதி சொல்கிறாள் என்று வையுங்கள். பிறர் சொல்லிக் கேட்டதைச் சொல்லும் வடிவம் அது. இங்கே யார் சொன்னது? ஏறியவர் இறந்துவிட்டார், வேறு யாரும் மாடியில் இல்லை. கண்ணால் கண்டதைக் காதால் கேட்டதுபோலச் சொல்லித் தப்பிக்கிறாள். நாவல் முழுக்க இப்படித் தப்பிப்பது ஒரே ஒரு தடவைதான் வர வேண்டும். அதற்கு முன் நாலைந்து இடத்தில் ‘டாக்டர் சொன்னாராம்’, ‘ரயில் லேட்டாம்’ என்று சாதாரணமாக வந்து பழகியிருக்க வேண்டும். பழகாமல் வந்தால் துருத்திக்கொண்டு தெரியும்.

பேச்சு மொழியையும் கவனியுங்கள். போலீஸிடம் சொன்னதைத் திருப்பிச் சொல்லும்போது சுமதி பள்ளிக்கூடத் தமிழில் பேசுகிறாள், நன்றாக வந்திருக்கிறது. ஆனால் மற்ற இடத்திலும் அதே தமிழ்தான். லாட்ஜ் கணக்கு, காலை நாஸ்டா, வங்காளத்துக்காரர்களுக்கு மீன் குழம்பு எங்கே கிடைக்கும் என்று வழி சொல்வது, இதெல்லாம் வரும்போது ‘பேசிக்கினு இருந்தேன்’, ‘அந்தாண்ட போனேன்’ என்று வட ஆற்காடு கொஞ்சம் கசியட்டும். பாதுகாப்பில்லாமல் பேசும்போது ஊர் வரும், ஜோடித்துப் பேசும்போது ஊர் மறையும். ‘அவரு’ என்று பேசுபவள் வாயில் ‘அந்தாளு’ எந்தப் பக்கத்தில் முதன்முதலாக வருகிறது என்பதையும் நீங்கள் திட்டமிட்டு வைக்க வேண்டும்.

இனி அந்தக் கல்யாணம். உங்கள் பிரதியில் நான் அதிகம் குறைப்பட்டுக்கொள்வது இதைப் பற்றித்தான். பாஸ்கர் குடிக்கிறார், அடிக்கிறார், இன்னொரு பெண், இன்ஷூரன்ஸ் பணம் எல்லாம் இருக்கிறது. இவ்வளவும் சேர்ந்தால் வாசகர் இருபதாம் பக்கத்திலேயே அவர் சாகட்டும் என்று காத்திருக்க ஆரம்பித்துவிடுவார். செத்த பிறகு எந்தத் திருப்பம் வந்தாலும் வாசகருக்கு நஷ்டமில்லை. இன்னொரு பெண்ணையும் இன்ஷூரன்ஸையும் வெட்டுங்கள், அடிப்பதையும் வெட்டுங்கள். கல்லாப்பெட்டிச் சாவி யாரிடம், அடகில் இருக்கும் ஆறு சவரன் சங்கிலி எப்போது வரும், அத்தை எத்தனை மாதம் வந்து தங்குவார்: இந்த மூன்று சண்டைகள் போதும். மூன்றில் ஒன்றிலாவது பாஸ்கர் பக்கம் நியாயம் இருக்கட்டும். வாடகை கொடுக்க முடியாத நோயாளியின் கூட வந்தவரை அவர் பத்து நாள் சும்மா தங்கவிட்டார், அந்தப் பத்து நாளில்தான் சங்கிலி அடகுக்குப் போனது என்றால், யார் பக்கம் பேசுவது என்று வாசகருக்கே தெரியாது. அந்த நிலைதான் உங்களுக்கு வேண்டும்.

சுமதிக்குப் பொய் எங்கிருந்து வந்தது என்பதும் இந்தக் கல்யாணத்துக்குள்ளேயே இருக்கிறது. 11 வருஷமாக ஆரணியிலிருந்து இரவு எட்டரைக்கு அத்தை போன் செய்கிறார், ‘சாப்பாடு ஆச்சா?’ ‘ஆச்சு அத்தை.’ எழுவாய் இல்லாத பதில் அது. சமைத்தது ஆச்சு. சுமதி சாப்பிட்டது ஆச்சு. பாஸ்கர் சண்டை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறார், அது அந்த ‘ஆச்சு’க்குள் வராது. பொய் சொல்லாமலே மறைப்பதில் அவளுக்குப் பதினோரு வருஷப் பயிற்சி. இந்த போன் பேச்சை இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு தடவை, பாஸ்கர் மாடியில் கிடக்கும் இரவுக்கு மறுநாள் ஒரு தடவை வையுங்கள். மனசுக்குள் இன்னொருத்தி என்ற ஏற்பாடே உங்களுக்குத் தேவைப்படாது. ஒரே பெண்தான், அதே ‘ஆச்சு’தான்.

கதவில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. லாட்ஜ் மொட்டை மாடிக் கதவுக்குத் தாழ்ப்பாள் படிக்கட்டுப் பக்கம் இருக்கும். காலையில் பெருக்க வரும் அம்மா அந்தத் தாழ்ப்பாளைத் திறந்துதான் உடலைப் பார்த்திருக்க முடியும். அப்படியானால் போலீஸின் முதல் கேள்வியே ‘வெளியே ஆள் இருக்கும்போது உள்ளே யார் தாழ் போட்டது?’ என்பதுதான். உங்கள் இன்ஸ்பெக்டர் 40 அத்தியாயமும் இதைக் கேட்கவில்லை. ஓட்டையை அடைக்காதீர்கள், அதையே கதையின் அச்சாக்குங்கள். தினமும் இரவு அந்தக் கதவைத் தாழ் போடுவது பாஸ்கரின் வழக்கம். போட்டுவிட்டு மூன்று தடவை ஆட்டிப் பார்ப்பார், சுமதி அதைக் கேலி செய்வாள். இதை முதல் அத்தியாயத்தில் வைத்துவிடுங்கள். பெருக்குகிற அம்மாவிடம் ‘கதவு எப்படி இருந்தது?’ என்று கேட்டால் அவர் சொல்வது, ‘எப்பவும் போலத்தான் சார்.’ தாழ் போட்டிருந்தது, வழக்கமாகப் போட்டிருக்கும், அதனால் அவருக்கு அது தகவலாகவே படவில்லை. இவர்தான் உங்கள் குருகு. வாசகரும் அந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடுவார். தினமும் தாழ் போடுகிற ஆள் அன்று வெளியே கிடந்தார் என்பது அவருக்கு நூறு பக்கம் கழித்து, குளிக்கும்போது உறைக்கும்.

இதையெல்லாம் தலையில் வைத்துக்கொண்டு எழுத முடியாது. ஒரு நீளநோட்டில் மாலை 6 முதல் காலை 6 வரை அரை மணிக்கு ஒரு வரியாக 24 வரி போடுங்கள். நடந்தது, சுமதி சொல்வது, அந்தப் பக்கத்தில் வாசகர் நம்புவது என மூன்று பத்தி. முதல் இரண்டு பத்திகள் நேருக்கு நேர் மோதும் வரியெல்லாம் உங்கள் தவறு, இரண்டாம் பத்தி வெறுமையாக இருக்கும் வரியெல்லாம் உங்கள் கதை. தடயம் ஏழுக்கு மேல் வேண்டாம், முதல் தடயம் முதல் 3,000 சொல்லுக்குள் வந்துவிட வேண்டும். ஒவ்வொன்றையும் நாவலில் ஒரு பாராவின் நடுவில் வையுங்கள், முதல் வரியிலும் கடைசி வரியிலும் வைத்தால் கண் அங்கே நிற்கும். தடயத்துக்கு அடுத்த வரியில் போன் அடிக்கட்டும், பால்காரர் கூப்பிடட்டும்.

வெளிப்படும் இடத்தையும் மாற்றுங்கள். 40-இல் 38 என்பது மிகத் தாமதம். 28 அல்லது 29-ஆம் அத்தியாயத்தில், அதாவது சுமார் 44,000 சொற்களில் தாழ்ப்பாள் தெரிந்துவிட வேண்டும். மீதி 18,000 சொல்லில்தான் வாசகர் அந்தக் கல்யாணத்தைத் திரும்பப் படிக்கப்போகிறார். எதற்காகத் தாழ் போட்டாள்? ‘அஞ்சு நிமிஷம் கெடக்கட்டும்’ என்றுதான். அஞ்சு நிமிஷம் எப்படி விடியற்காலை ஆனது என்பதற்கு உங்கள் பிரதியில் அரைப் பக்கம்கூட இல்லை. விழுந்த ஆள் உடனே இறக்கவில்லை, தலைக்காயத்தோடு சில மணி நேரம் உயிரோடு இருந்தார் என்பதை உடற்கூறு ஆய்வு செய்யும் டாக்டர் மூளை வீக்கத்தை வைத்துச் சொல்லிவிடுவார். கொல்கத்தாவிலிருந்து ஆயிரத்தைநூறு கிலோமீட்டருக்கு மேல் ரயிலேறி வந்து வைத்தியம் பார்த்துக்கொள்கிற ஆஸ்பத்திரி தெருவைக் கடந்தால் வந்துவிடும். அதை நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம், ஜன்னலில் அதன் விளக்கு தெரிந்தால் போதும்.

மாத்திரை விஷயம். சுமதி ஸோல்பிடெம் போட்டாள், அதனால் மறந்தாள், பிறகு மின்னல்போல ஞாபகம் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மாத்திரை போட்டபின் எழுந்து நடமாடியவர்களுக்கு, செய்தது நினைவில் இல்லாமல் போவது உண்டு. ஆனால் அது பதிந்து மறைந்த நினைவு கிடையாது, பதியவே இல்லாதது. பிறகு முழுசாகத் திரும்பி வராது. மாத்திரைக்கு முன்பு நடந்ததோ அநேகமாக நினைவில் இருக்கும். ஆக, முன்னால் போட்டிருந்தால் ஞாபகம் திரும்பாது, பின்னால் போட்டிருந்தால் மறக்காது. உங்கள் காட்சி இரண்டிலும் உட்காரவில்லை. சுமதி தாழ் போட்டுவிட்டு வந்துதான் மாத்திரை போட்டாள் என்று வையுங்கள். ‘மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தேன்’ என்பது அப்போதும் உண்மை, மணியைத்தான் சொல்லவில்லை. இன்னொன்று, இது டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத எச்1 பட்டியல் மருந்து. கடைக்காரர் தனிப் பதிவேட்டில் டாக்டர் பெயரும் நோயாளி பெயரும் எழுத வேண்டும். ‘கடையில் கேட்டு வாங்கினேன்’ என்ற வரி நிற்காது. இரட்டை ஆளுமையை எடுத்துவிடச் சொல்வதற்குக் காரணம் மருத்துவம் மட்டுமில்லை. கொலை என்றாலே மனநோய் என்று முடிப்பது எழுதுகிறவருக்குச் சௌகரியம், மருந்து சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறவருக்கு அவமானம்.

துப்பு துலங்க 36-ஆம் அத்தியாயத்தில் எதிர்க்கடை கேமரா வருகிறது. அது வானத்திலிருந்து விழுந்த சாட்சி. உங்கள் ஊரிலேயே இதைவிட நல்லது இருக்கிறது. உங்கள் கதை நடக்கும் 2024-இல், வெளிநாட்டவர் வந்து தங்கினால் லாட்ஜ்காரர் 24 மணி நேரத்துக்குள் ‘சி’ படிவத்தை இணையத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. 2024 ஆகஸ்டுக்குப் பிறகு விசா கட்டுப்பாட்டால் வங்கதேச நோயாளிகள் வருவது வெகுவாகக் குறைந்திருந்த நேரம். அந்த வாரத்தில் வந்த ஒரே டாக்கா குடும்பம் இரவு ரயிலில் காட்பாடியில் இறங்கி லாட்ஜுக்கு வருகிறது. கவுண்டரில் பாஸ்கர் இல்லை. சுமதி பழக்கதோஷத்தில் அப்போதே படிவத்தை ஏற்றிவிடுகிறாள். மணி 11.52. தடித்த பதிவேட்டிலும் அவள் கையெழுத்து. பத்து மணிக்குத் தூங்கிய பெண். ஒழுங்காக வேலை பார்த்ததால் மாட்டிக்கொள்கிறாள், அது கேமராவைவிட வலிக்கும்.

சின்னதாக ஒன்று: லாட்ஜ் ஜன்னலில் பாலாறு சலசலப்பது கேட்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 2021 நவம்பர் வெள்ளம் மாதிரி ஒன்று வந்தாலொழிய அங்கே கேட்பது ஆட்டோ ஹாரன்தான்.

சட்டத்தில் நான்கு திருத்தம். சந்தேக மரணம் என்றால் 2024 ஜூலை 1-க்குப் பிறகு புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 194-இல்தான் முதலில் வழக்குப் பதிவார்கள், நீங்கள் எழுதிய 174 பழையது. கொலை என்று மாற்றினால் 302 கிடையாது, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 103. கோட்டாட்சியர் விசாரணை நடத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். குடும்பச் சாவில் பொதுவாகக் கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் மனைவி இறந்தால்தான் அந்த விசாரணை. இங்கே இறந்தது புருஷன்.

நான்காவதுதான் முக்கியம். 39-இல் சுமதி இன்ஸ்பெக்டரிடம் ஒப்புக்கொள்கிறாள், 40-இல் தண்டனை. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் பிரிவு 23. மாஜிஸ்திரேட் முன்பு கொடுத்தால் செல்லும், வேறொரு ஆளிடம் மனம்விட்டுச் சொன்னதும் சாட்சியமாக வரலாம்; நீதிமன்றம் எச்சரிக்கையோடு, வேறு ஆதாரம் துணைக்கு இருக்கிறதா என்று பார்த்து எடுத்துக்கொள்ளும். துணைக்கு ‘சி’ படிவம் இருக்கிறது. அந்த வேறொரு ஆள்தான் கவிதா. 39, 40 இரண்டையும் எடுத்துவிட்டு, சுமதி பேசி முடித்த இடத்தில், அந்த முதல் கேள்விக்குப் பிறகு ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்த நாத்தனார் மறுபடி வாய் திறப்பதை எழுதுங்கள். அவள் கேட்க வேண்டியது, ‘அண்ணி, சாப்பாடு ஆச்சா?’